பெட்டியின் மேல் இருக்கும் எண்

கேள்வி: மஞ்சள் மழைக்கோட்டு போட்ட குழந்தையின் படத்தோடு வரும் ‘லிட்டில் நைட்மேர்ஸ்’ என்ற புதிர் சாகச விளையாட்டை என் எட்டு வயது மகன் கேட்கிறான். வாங்கலாமா? (பொள்ளாச்சி)

பதில்: ஐரோப்பிய வயதுக்குறியான ‘பெகி’ அதற்கு 16 கொடுத்திருக்கிறது. வேண்டாம்.

கேள்வி: ஏழு வயதுப் பேரனுக்கு, ‘3’ என்று அச்சிட்ட புதிர் விளையாட்டு வாங்கித் தந்தேன். இரண்டாவது அறையைத் தாண்ட முடியாமல் அழுகிறான். “அப்பச்சி, நீங்க பண்ணுங்க” என்கிறான், எனக்கும் தெரியவில்லை. எண்ணை நம்பி ஏமாந்தேனா? (கோபிசெட்டிபாளையம்)

பதில்: எண் பொய் சொல்லவில்லை ஐயா, அது எதைச் சொல்கிறது என்பதைக் கடைக்காரர் எவரும் சொல்வதில்லை என்பதுதான் என் நெடுநாள் ஆற்றாமை. 2003 முதல் வழங்கிவரும் பெகியின் 3, 7, 12, 16, 18 ஆகிய எண்கள், அச்சம், வன்முறை, கெட்ட வார்த்தை, சூதாட்டம் போன்றவை உள்ளே எந்த அளவுக்கு இருக்கின்றன என்பதை மட்டுமே பார்க்கின்றன; புதிர் எவ்வளவு கடினம் என்பது அவற்றின் கணக்கிலேயே இல்லை. சதுரங்கத்தில் பயமுறுத்துவது எதுவுமில்லை, அதற்காக மூன்று வயதுக் குழந்தை சதுரங்கம் ஆடிவிடுமா?

நானும் இதில் விழுந்தவன்தான். 2009-இல் வெளிவந்த ‘மெஷினேரியம்’ என்ற செக் நாட்டு விளையாட்டை, அதிலுள்ள குட்டி ரோபோவின் முகத்தைப் பார்த்தே தங்கை மகளுக்கு வாங்கினேன். வசனமே கிடையாது, எல்லாம் எண்ணக் குமிழ்ப் படங்கள்தான் என்பதால் ஆங்கிலத் தொல்லை இல்லை என்று மகிழ்ந்தேன். அவள் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டாள். ரோபோவின் உடலை நீட்டியும் குறுக்கியும் ஆட வேண்டும் என்பது எனக்கு விளங்கும்போது இரவு பதினொரு மணி. ஆகவே வாங்குமுன், யாராவது ஆடிப் பதிவிட்ட காணொளியில் முதல் அரைமணி நேரத்தைப் பாருங்கள்: ஆங்கிலம் வாசிக்க வேண்டுமா, தவறினால் எவ்வளவு தூரம் பின்னால் போக வேண்டும், சிக்கிக்கொண்டால் குறிப்புக் கிடைக்குமா என்பவை அதிலேயே தெரிந்துவிடும். வாங்கியதை இரண்டு ஆண்டு அலமாரியில் வையுங்கள், கெட்டுப்போகாது.

கேள்வி: கைபேசியில் இலவசப் புதிர் விளையாட்டு. மகள் ‘குறிப்பு’ வாங்கியே 4,000 ரூபாய் போய்விட்டது. கடவுச்சொல் அவளுக்குத் தெரியும். வழக்குப் போடலாமா? (ஈரோடு)

பதில்: யார் மீது? கடவுச்சொல்லைச் சொல்லிக் கொடுத்தவர் மீதா? கூகுள் பிளேயில் வாங்கி 48 மணி நேரம் ஆகவில்லையென்றால் உடனே பணத்தைத் திரும்பக் கேளுங்கள். கடவுச்சொல்லை அதற்கும் முன்பே மாற்றுங்கள்.

கேள்வி: பனியன் கம்பெனி போனஸில் மகனுக்கு 1,900 ரூபாய்க்குப் புதிர் விளையாட்டு வாங்கினேன். பெட்டிக்குள் விளையாட்டைப் பதிவிறக்குவதற்கான ஒரு குறியீட்டுச் சீட்டுதான் இருந்தது. அதுவும் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்று திரையில் வருகிறது. கடைக்காரர் ரசீதைக் காட்டி, ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்கிறார். 12 நாள் ஆயிற்று. (திருப்பூர்)

பதில்: உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. குறையுள்ள பொருளை ரசீதில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ரசீதின் அடியில் அச்சடித்த வரி சட்டத்தை வெல்லாது. திரையில் வந்த செய்தியைப் படமெடுத்து, கடைக்கு எழுத்து மூலம் கேளுங்கள். மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்குப் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். உங்கள் தொகைக்கு அங்கே கட்டணமே கிடையாது. ரசீதையும் சீட்டையும் கடைக்காரர் கேட்டால் நகலை மட்டும் கொடுங்கள்.