வயது கூடக் கூட, அம்மாவைப் பற்றி உங்களுக்குப் புதிதாகத் தெரியவந்தது என்ன?

எனக்கு 56 வயது, அம்மாவுக்கு 76. தண்டையார்பேட்டையில் ஒரே வீட்டில் இருக்கிறோம். எனக்குத் தெரியவந்ததெல்லாம் சமீப வருடங்களில்தான், அதுவும் விடியற்காலை மூன்று மணிக்கு.

மாதவிடாய் நின்ற பிறகு தூக்கம் மெலிந்துவிட்டது. நடுவில் விழிப்பு வந்தால் வந்ததுதான். எழுந்து போனால் அடுப்படியில் விளக்கு எரியும். அம்மா எனக்கு முன்னாலேயே எழுந்து குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருப்பாள். கீழே சம்ப், மாடியில் டேங்க், மோட்டார் எல்லாம் இருக்கிறது. ஆனாலும் நான்கு குடம் நிரப்பி மூடி வைத்தால்தான் அவளுக்கு நாள் தொடங்கும். "இன்னாடி, நீயும் முழிச்சிக்கினியா? குந்து, காபி போடறேன்" என்பாள். அப்புறம் பேச்சுதான், பால்காரர் வரும்வரை.

அந்தப் பேச்சு பெரும்பாலும் 1983-க்குப் போய்விடும். சென்னையில் இருந்தவர்களுக்கு அந்த வருடம் மறக்காது. மழை பொய்த்து ஏரிகள் வறண்ட வருடம். கிருஷ்ணா நீருக்கு எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் ஒப்பந்தம் போட்டது அதே 1983-ல்தான், ஆனால் அந்தத் தண்ணீர் பூண்டி ஏரிக்கு வந்து சேர்ந்தது 1996-ல். வீராணம் ஏரித் தண்ணீர் 2004-ல். காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-ல். எங்களுக்கு அப்போது இருந்ததெல்லாம் தெருமுனை அடிபம்பும், எப்போது வரும் என்று தெரியாத லாரியும்தான்.

ஒண்டுக்குடித்தனம் எங்களுடையது. எட்டுக் குடும்பத்துக்கு ஒரு முற்றம். ராத்திரி பத்து மணிக்கே குடத்தை வரிசையில் போட்டுவிட்டு வந்துவிடுவாள். மூன்று மணிக்கு எழுந்து போனால் முறை வர நான்கு, நான்கரை ஆகும். பம்ப் காய்ந்து கிடந்தால் மேலே ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி அடித்தால்தான் பிடிக்கும். அதனால் கடைசியாகப் பிடிப்பவர் அடுத்த நாளுக்கு ஒரு செம்பு விட்டுவைப்பது தெருவில் எழுதாத சட்டம். முதலில் வருவது செம்மண் நிறத்தில் கலங்கலாக வரும், அது பாத்திரம் கழுவ. தெளிந்தபின் வருவதுதான் வீட்டுக்கு. இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். அந்த இடது இடுப்பில் கறுத்த தழும்பு இன்னும் இருக்கிறது. குளிப்பாட்டும்போது பார்க்கிறேன்.

எனக்கு அப்போது பதினான்கு. என் நினைவில் அந்த அம்மா பெரிய மனுஷி. எல்லாம் தெரிந்தவள், எதற்கும் அழாதவள், வயசு என்று ஒன்று இல்லாதவள். ஒருநாள் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவளுக்கு அப்போது 34. என் மகளுக்கு இப்போது 34. லீவுக்கு வந்தால் எட்டு மணி வரை தூங்குகிறாள், நானும் எழுப்புவதில்லை, சின்னப் பெண்தானே என்று தோன்றுகிறது. அந்த வயதில் அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள், துறைமுகத்தில் ராத்திரி ஷிப்டு பார்க்கும் கணவர், படுக்கையில் மாமியார், இரண்டு குடம். இதை நினைத்து எனக்குத் தொண்டை அடைத்தது. அம்மாவிடம் சொல்லவும் சொன்னேன். "ரொம்ப கஷ்டப்பட்டியேம்மா."

அவள் காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "கஷ்டந்தான். ஆனா அந்த ஒரு மணி நேரந்தாண்டி எனக்கு இருந்துது. வூட்டுல எவன் கையில பேச முடியும்? பம்பாண்ட போனாதான் நானும் ஒரு மனுஷி."

அதன்பிறகு அவளாகச் சொன்னவை நாற்பது வருடமாக எனக்குத் தெரியாதவை. வரிசையில் நின்றவர்கள் சேர்ந்து மாதம் பத்து ரூபாய் சீட்டுப் போட்டிருக்கிறார்கள். அம்மா எடுத்த சீட்டில் வந்ததுதான் என் காதில் இன்றும் இருக்கும் தோடு. அப்பா போனஸில் வாங்கினார் என்றே நான் நினைத்திருந்தேன். பம்பில் வாஷர் போனால் ஆளுக்கு நாலணா போட்டு வாங்கி அவர்களே மாற்றுவார்களாம், யார் ஸ்பானர் பிடிப்பது என்பதில் போட்டி வேறு. காசிமேட்டு ஏலத்துக்கு மூன்றரைக்குக் கிளம்பும் ஒரு மீன்கார அக்காதான் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தது. அவருக்கே தெரிந்தது அவருடைய பெயரும் சில எழுத்துகளும்தான். ஈர மண்ணில் விரலால் எழுதிக் காட்டுவாராம். என் பள்ளி ரேங்க் கார்டில் அம்மா போட்ட கையெழுத்து அங்கே பழகியது.

அதற்காக அந்தக் காலம் நல்ல காலம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெண்கள் பேசிக்கொள்ள ஓர் ஊர் வறண்டுபோக வேண்டியதில்லை. 2019-ல் மறுபடியும் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன் ரயிலில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு வந்ததை டிவியில் காட்டியபோது, அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அங்க இருக்கறவங்களுக்கு வெச்சிட்டுதான குடுத்தாங்க?" ஒரு செம்பு விட்டுவைத்துப் பழகியவளின் கேள்வி அது.

அந்த மீன்கார அக்கா இப்போது திருவொற்றியூர் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்ததும் போன மாதம் அம்மாவை மெட்ரோவில் அழைத்துப் போனேன். லிப்ட் இருப்பதால் முட்டிவலிக்காரர்களுக்குச் சிரமமில்லை, தயங்காமல் அழைத்துப் போகலாம். அக்காவுக்கு எண்பது தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு, சீட்டில் கடைசித் தவணை யார் கட்டவில்லை என்று உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். பாதி ஆட்கள் எனக்கு யாரென்றே தெரியாது, திரும்பி வரும்போது ஒவ்வொருவராகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இனி மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே போவது என்று முடிவு செய்திருக்கிறோம். அடுத்த முறை மகளும் வருகிறாள்.