வெளிநாட்டில் எம்.எஸ். படிக்க, கன்சல்டன்சி இல்லாமல் நானே விண்ணப்பிக்க முடியுமா?

சென்னையில் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் இயந்திரவியல் மூன்றாம் ஆண்டை முடித்திருப்பதாகவும், அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ எம்.எஸ். படிக்க விரும்புவதாகவும், வீட்டில் கன்சல்டன்சியில் பணம் கட்டச் சொல்வதாகவும், தானே விண்ணப்பிப்பது நடக்கிற காரியமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நடக்கிற காரியம்தான். நீங்களே விண்ணப்பிப்பதுதான் உங்களுக்கு நல்லது என்றும் உறுதியாகச் சொல்வேன். சென்னையில் பொறியியல் கல்லூரி ஆசிரியராக இருக்கும் நான், ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் தொடங்கி ஜனவரி வரை மாணவர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுகிறேன், அதற்காக அவர்களுடைய நோக்க அறிக்கையையும் (எஸ்.ஓ.பி. என்று நாம் சொல்வது) படிக்கிறேன். எது மாணவர் எழுதியது, எது வேறொருவர் எழுதிக் கொடுத்தது என்பது இரண்டு பத்திகளுக்குள் தெரிந்துவிடுகிறது. எனக்கே தெரியும்போது, ஒரே பருவத்தில் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களைப் புரட்டும் சேர்க்கைக் குழுவினருக்குத் தெரியாமல் போகாது.

கன்சல்டன்சிகள் அனைத்தும் ஏமாற்றுகின்றன என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவற்றின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதை நீங்களும் உங்கள் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். மாணவரிடம் கட்டணமே வாங்காத நிறுவனங்கள், தாங்கள் அனுப்பும் ஒவ்வொரு மாணவருக்கும் பல்கலைக்கழகத்திடமிருந்து கமிஷன் பெறுகின்றன. பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா ஆகிய நாடுகளில் இது வெளிப்படையாகவே உள்ள வழக்கம். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. ஆகவே மாணவரைப் பிடித்துக் கொடுப்பவருக்குக் கமிஷன் தர வேண்டிய தேவையும் அவற்றுக்கு இல்லை. ஜெர்மனி என்று கேட்டுக்கொண்டு போகும் மாணவரின் கையில், அதிகக் கட்டணம் வாங்கும் தனியார் கல்லூரிகளின் பெயர்ப் பட்டியல் வந்து சேர்வதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நான் கருதுகிறேன். ஒருவர் உங்களுக்குப் பட்டியல் தந்தால், அதில் உள்ள பல்கலைக்கழகங்கள் அவருக்குக் கமிஷன் தருகின்றனவா என்று தயங்காமல் கேளுங்கள்.

எனவே பட்டியலை நீங்களே தயாரியுங்கள். இதற்கு ஒரு மாதம் செலவானாலும் அது வீண் அல்ல. ஜெர்மனியைப் பொறுத்தவரை முதலில் உங்கள் மதிப்பெண்ணை அவர்கள் முறைக்கு மாற்றிப் பாருங்கள். அங்கே 1 மிக உயர்ந்தது. 4 தேர்ச்சிக்கான எல்லை. அதிகபட்ச மதிப்பிலிருந்து உங்கள் மதிப்பைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். உங்கள் சி.ஜி.பி.ஏ. 10-க்கு 8, தேர்ச்சி எல்லை 5 என்று வைத்துக்கொண்டால் விடை 2.2. பல முதுகலைப் படிப்புகள் 2.5 அல்லது அதைவிடச் சிறந்த மதிப்பைக் கேட்கின்றன. 8 வைத்திருப்பவர் நம்பிக்கையோடு விண்ணப்பிக்கலாம், 7 வைத்திருப்பவருக்கு 2.8 வருவதால் அவர் படிப்புகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, கணிதம், இயக்கவியல், வெப்ப இயக்கவியல் என்று ஒவ்வொரு துறையிலும் குறைந்தபட்சம் இத்தனை கிரெடிட் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பல படிப்புகளில் உண்டு. நல்ல மதிப்பெண் இருந்தும் நிராகரிக்கப்பட்டவர்கள் காரணம் கேட்டு என்னிடம் வந்தபோது, அவர்களுடைய பாடத்திட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தால் இந்த இடத்தில்தான் குறை இருந்தது. உங்கள் பாடத்திட்டத்தை அருகில் வைத்துக்கொண்டு துறையின் பக்கத்தை வரி வரியாகப் படிப்பதை உங்களுக்காக வேறு எவரும் பொறுமையாகச் செய்ய மாட்டார்கள்.

ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்ற பேச்சையும் முழுமையாக நம்ப வேண்டாம். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-25 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது.

அமெரிக்காவுக்கு வேறு கணக்கு. அங்கே குறைந்தபட்ச மதிப்பெண் கேட்கும் பல்கலைக்கழகங்கள் பல உண்டு, ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. விண்ணப்பம் முழுவதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். தரவரிசையை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்காமல், உங்களுக்குப் பிடித்த பிரிவில் எத்தனை பேராசிரியர்கள் இருக்கிறார்கள், எம்.எஸ். மாணவர்கள் ஆய்வேடு எழுத வாய்ப்பு உண்டா என்பவற்றைப் பாருங்கள். ஆர்.ஏ., டி.ஏ. (சம்பளத்தோடு ஆய்வு உதவியாளர், கற்பித்தல் உதவியாளர் வேலை) கிடைத்தால் செலவைச் சமாளித்துவிடலாம் என்று இங்கே பலர் எளிதாகச் சொல்கிறார்கள். அந்த உதவிகள் பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர்களுக்கே போகின்றன. எம்.எஸ். மாணவரின் குடும்பம், அவை கிடைக்காது என்றே எண்ணித் திட்டமிட வேண்டும்.

அடுத்து, பரிந்துரைக் கடிதம். உங்கள் பெயரைக்கூட அறியாத முதல்வரிடமோ எச்.ஓ.டி.யிடமோ பதவிக்காகக் கடிதம் வாங்குவதைவிட, உங்கள் புராஜெக்டை வழிநடத்திய இளம் உதவிப் பேராசிரியரிடம் வாங்குவது பல மடங்கு மேல். அவரால்தான், சோதனை தோற்றபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுத முடியும். குறைந்தது மூன்று வாரங்களுக்கு முன்பே கேளுங்கள். கேட்கும்போது உங்கள் மதிப்பெண் பட்டியல், புராஜெக்ட் அறிக்கை, எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எந்தத் தேதி என்ற பட்டியல் ஆகியவற்றைக் கையில் கொடுங்கள். கடிதத்தை அவர் கல்லூரி மின்னஞ்சல் முகவரியிலிருந்தே அனுப்ப வேண்டும். ஜிமெயில் முகவரி சந்தேகத்துக்கு இடம் தரும். “சார், கடிதத்தை நாங்களே அடித்துக்கொண்டு வந்துவிட்டோம், கையெழுத்து மட்டும் போட்டால் போதும்” என்று கன்சல்டன்சியில் தயாரித்த தாளோடு வரும் மாணவர்களை நான் ஒவ்வோர் ஆண்டும் திருப்பி அனுப்புகிறேன். ஒரே வாக்கியங்கள் மூன்று மாணவர்களின் தாள்களில் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

நோக்க அறிக்கைக்கும் இதுவே பொருந்தும். சிறு வயதில் பொம்மைக் காரைக் கழற்றிப் பார்த்ததிலிருந்து தொடங்க வேண்டாம். நீங்கள் செய்த ஒரு வேலையை எடுத்து, எந்தச் சிக்கலைத் தீர்க்க முயன்றீர்கள், எந்த முறையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், எண்களில் என்ன விளைவு கிடைத்தது, எது புரியாமல் நின்றது என்று எழுதுங்கள். புரியாமல் நின்ற அந்த இடம்தான் மேற்படிப்புக்குப் போவதற்கான காரணமாக அமையும். ஒரகடத்திலோ அம்பத்தூரிலோ இரண்டு வாரம் பார்த்த பயிற்சி, அதில் நீங்கள் கவனித்த ஒரு பழுதைப் பற்றித் தெளிவாக எழுதினால், பெரிய பெயர்களின் பட்டியலைவிட வலுவாக நிற்கும். அரியர் இருந்தால் இரண்டு வரியில் காரணத்தையும், பிறகு தேர்ச்சி பெற்றதையும் சொல்லிவிட்டு மேலே செல்லுங்கள். மதிப்பெண் பட்டியலில் இருப்பதை மறைப்பதில் பயனில்லை.

தமிழ்நாட்டு மாணவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று, பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயரை விரித்து வேறொரு வடிவம், ஆதாரில் மூன்றாவது வடிவம் என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர் மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் அது குடும்பப் பெயராகிவிடும். உங்கள் பெயருக்கான இடத்தில் ‘எஃப்என்யு’ (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற மூன்றெழுத்து வந்து உட்காரும். பிறகு அங்கே வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் என்று ஒவ்வொன்றிலும் அதைச் சுமக்க வேண்டியிருக்கும். மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ, ஆங்கிலத் திறனுக்கான டோஃபல், ஐஇஎல்டிஎஸ் தேர்வுகளுக்கு இந்தியாவில் பெரும்பாலும் பாஸ்போர்ட்தான் அடையாளச் சான்று என்பதால், தேர்வுக்குப் பதிவு செய்வதற்கு முன்பே பாஸ்போர்ட்டைச் சரிசெய்துவிடுங்கள்.

தேர்வுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஏதுமில்லை. ஜிஆர்இ 2023 செப்டம்பரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. மதிப்பெண் 5 ஆண்டு செல்லும். பல துறைகள் அதைக் கேட்பதையே விட்டுவிட்டன; உங்கள் பட்டியலில் யார் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஐஇஎல்டிஎஸ், டோஃபல் மதிப்பெண்கள் 2 ஆண்டுகளுக்கே செல்லும்.

காலக்கணக்கு: அமெரிக்காவில் ஆகஸ்ட் சேர்க்கைக்கு, முந்தைய டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி நடுப்பகுதிவரை பல கடைசித் தேதிகள் விழும். ஜெர்மனியின் குளிர்காலப் பருவத்துக்குப் பொதுவாக ஜூலை 15 என்பார்கள். ஆனால் வெளிநாட்டு மாணவர்களுக்கு அதைவிட முன்னதாகவே முடித்துவிடும் படிப்புகள் நிறைய உண்டு. 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு ஏபிஎஸ் சான்றிதழும் (உங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்து ஜெர்மன் தரப்பு தருவது) கட்டாயம். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் (எல்லாப் பருவ மதிப்பெண்களும் அடங்கிய அதிகாரபூர்வத் தொகுப்பு) பெறவும் வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், செப்டம்பரிலேயே விண்ணப்பித்து வையுங்கள்.

பணத்தைப் பற்றிப் பெற்றோரோடு இப்போதே உட்கார்ந்து பேசுங்கள். ஜெர்மன் விசாவுக்கு 2024 செப்டம்பர் நிலவரப்படி முடக்கக் கணக்கில் (மாதத்துக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்ற வரம்புள்ள வங்கிக் கணக்கு) ஓராண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதத்துக்கு 992 யூரோ, காட்ட வேண்டும். விண்ணப்பிக்கும்போது தூதரகப் பக்கத்தில் புதிய தொகையைச் சரிபாருங்கள். அமெரிக்காவுக்கு, மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம் பெறவே முதலாண்டின் முழுச் செலவுக்கும் ஆதாரம் வேண்டும். கடன் வாங்குவதாக இருந்தால் தேசிய வங்கி ஒன்றில் முதலில் விசாரித்துவிட்டுத் தனியார் நிறுவனங்களிடம் செல்லுங்கள். பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தால் கல்விக் கடனின் வட்டிக்கு வருமான வரியில் 8 ஆண்டுகள்வரை கழிவு உண்டு என்பதை அப்பாவிடம் சொல்லுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பத்தைச் சேர்ந்தவராக இருந்தால், தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகையை வீடு, மனையை அடமானம் வைப்பதற்கு முன்பே பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஒருவரிடம் வழி கேட்க வேண்டும் என்று தோன்றினால், அமெரிக்காவுக்கு யூஎஸ்ஐஇஎஃப் (அமெரிக்க-இந்தியக் கல்வி அறக்கட்டளை) அமைப்பின் சென்னை அலுவலகம் வழியாக, அமெரிக்க அரசின் ஆலோசனை அமைப்பான எஜுகேஷன்யூஎஸ்ஏவின் ஆலோசகர்களை அணுகலாம். ஜெர்மனிக்கு டிஏஏடி (ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவை) அமைப்பின் தகவல்கள் இலவசமாகக் கிடைக்கும். வீட்டார் மனநிறைவுக்காகக் கன்சல்டன்சியில் சேர்ந்தே ஆக வேண்டும் என்றால், ஒரு நிபந்தனையில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: விண்ணப்பத்துக்கான மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் உங்களிடமே இருக்க வேண்டும். 2023இல் கனடாவில், முகவர் தந்த சேர்க்கைக் கடிதங்கள் போலி என்று தெரியாமலே ஆண்டுக்கணக்கில் அங்கிருந்த பஞ்சாப் மாணவர்கள் நாடுகடத்தப்படும் நிலைக்கு வந்தார்கள். பல்கலைக்கழகத்தோடு நேரடியாக நீங்களே கடிதப் போக்குவரத்து வைத்திருந்தால் அப்படிப்பட்ட மோசடியை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

சேர்க்கைக் கடிதங்கள் வரத் தொடங்கியதும், உடனே முன்பணம் கட்டச் சொல்லி அவசரப்படுத்துவார்கள். நிதியுதவியோடு கூடிய அழைப்புகளுக்கு ஏப்ரல் 15 வரை மாணவர் காத்திருந்து முடிவு சொல்லலாம் என்று அமெரிக்கப் பட்டமேற்படிப்புக் கல்வி நிறுவனங்கள் பல கூட்டாக ஒப்புக்கொண்டிருக்கின்றன. நிதியுதவி இல்லாத அழைப்புகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே முன்பணம் திரும்பக் கிடைக்குமா, விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள் என்பதைத் துறைக்கு மின்னஞ்சல் எழுதி, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு கட்டுங்கள்.