கடிகாரம் காட்டும் கலோரிக் கணக்கு

கேள்வி: ஒரு மணி நேர நடைக்கு என் கைக்கடிகாரம் 320 கலோரி என்றும், உணவுச் செயலி 245 கலோரி என்றும் காட்டுகின்றன. எடை குறைக்கச் செயலி தந்த அன்றாடக் கலோரி இலக்குக்கு மேல், நடையில் எரித்த அளவை மட்டுமே கூடுதலாகச் சாப்பிட்டும் என் 70 கிலோ எடை குறையவில்லை. எதை நம்புவது?

பதில்: இரண்டுமே மதிப்பீடுகள்தாம். உடல் செலவிடும் ஆற்றலை முறையாகக் கணக்கிட, உள்ளிழுக்கும் ஆக்சிஜனையும் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடையும் அளக்க வேண்டும். கடிகாரமோ நாடித்துடிப்பு, கையசைவு, நீங்கள் பதிந்த வயது, எடை ஆகியவற்றைக் கொண்டு ஊகிக்கிறது. 2017-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வில் 7 கருவிகள் சோதிக்கப்பட்டன. அவற்றுள் 6 கருவிகள் நாடித்துடிப்பை 5 சதவீதத்துக்கும் குறைவான பிழையுடன் அளந்தன. கலோரிக் கணக்கிலோ மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் பிழை காட்டியது.

உங்கள் சிக்கலுக்கு வேறொரு காரணமும் இருக்கக்கூடும் என்று கருதுகிறேன். மிதமான நடை, ஓய்வுநிலையைப் போல ஏறத்தாழ 3.5 மடங்கு ஆற்றலைக் கோருகிறது. ஓய்வில் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஒரு கலோரி என்று கொண்டால், உங்களுக்கு 245 கலோரி வரும். ஆனால் அதில் 70 கலோரி, நீங்கள் சும்மா அமர்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும்; நடையால் கூடியது 175 மட்டுமே. செயலியில் 'சுறுசுறுப்பானவர்' என்று பதிந்திருந்தால், அந்த நடையும் அன்றாட இலக்கில் முன்பே சேர்ந்திருக்கலாம், அதாவது ஒரே உழைப்புக்கு இருமுறை சாப்பிடுகிறீர்கள்.

ஆகவே உடற்பயிற்சிக் கலோரியை இலக்குடன் கூட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். மூன்று, நான்கு வாரங்களுக்கு உணவைச் சீராக வைத்து, வாராந்தரச் சராசரி எடையைக் கவனித்து, அதற்கேற்ப உணவின் அளவை மாற்றுங்கள்.