வீட்டுப் போன் இணையத்துக்கு மாறும்போது: பெங்களூரு அன்பர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் லைன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நம் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் இந்த வாரம் கேட்டவற்றுக்கு, தெரிந்த வரையில் எழுதுகிறேன்.

அல்சூர்: முப்பது வருஷமாக ஒரே நம்பர். சொந்தக்காரர்கள் எல்லார் வீட்டு டைரியிலும் அதுதான் இருக்கிறது. காப்பர் லைன் செத்துக் கிடக்கிறது. ஃபைபருக்கு (கண்ணாடி இழை லைனுக்கு) மாறினால் நம்பர் போய்விடுமா?

போகாதம்மா, கம்பெனியை மாற்றாமல் இருந்தால். உங்களுடையது பி.எஸ்.என்.எல். நம்பர். அதை அவர்களுடைய ஃபைபருக்கே மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள். மனுவில் ‘சரண்டர்’ (லைனைத் திருப்பிக் கொடுப்பது) என்ற சொல்லே வரக் கூடாது. லைனைச் சரண்டர் செய்துவிட்டுப் புதுசாக வாங்கினால் புது நம்பர்தான் வரும், பழையதைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டியிருக்கும். வேறு கம்பெனிக்கு லேண்ட்லைன் நம்பரைக் கொண்டுபோக நம் நாட்டில் வழியில்லை. 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்த அந்த வசதி செல்போனுக்கு மட்டும்.

மாறின பிறகு டயல் டோன், வீட்டில் வைக்கும் ஃபைபர் பெட்டியின் பின்னால் இருக்கும் சின்ன போன் துளையிலிருந்து வரும். அங்கே பழைய போனைச் செருகினால் போதும். ஆனால் இதை மனசில் வையுங்கள்: காப்பர் லைனுக்கு எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் வந்துகொண்டே இருந்தது. தெருவே இருட்டானாலும் போன் பேசியது அதனால்தான். ஃபைபரில் மின்சாரம் வராது, வெளிச்சம் மட்டுமே வரும். வீட்டில் கரண்ட் போனால் போனும் போகும்.

கோரமங்களா: மாடியிலும் சமையலறையிலும் பழைய பேரலல் ஒயர் இருக்கிறது. ஃபைபர் பெட்டியை அதிலேயே இணைத்தால் எல்லா இடத்திலும் மணி அடிக்குமா?

அடிக்கும். ஆனால் முதலில் வெளியிலிருந்து வரும் காப்பர் ஜோடியைக் கழற்றுங்கள். வாசலில் இருக்கும் பெட்டியில் இரண்டு கம்பியையும் பிரித்து, தனித்தனியாக டேப் சுற்றுங்கள். லைன் செத்துவிட்டது என்று நம்பி விடாதீர்கள். செத்த லைன் ஒருநாள் ரிப்பேர் ஆகும். மணி அடிக்க எக்ஸ்சேஞ்ச் அனுப்புவது 75 வோல்ட்டை ஒட்டின ஏசி மின்சாரம். அது உங்கள் பெட்டியின் போன் துளைக்குள் ஏறினால் அந்தத் துளை அத்தோடு சரி. என் வீட்டிலேயே இதைச் செய்யாமல் விட்டு ஒரு பெட்டியை இழந்தேன். இன்னொன்று, இந்தப் பெட்டிகள் ஐந்தாறு போனுக்கு மணி அடிக்கும் பலம் கொண்டவை இல்லை. இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள்.

ஃப்ரேசர் டவுன்: அப்பாவின் சுழற்றும் போன் இருக்கிறது. ஃபைபரில் வேலை செய்யுமா?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். வருகிற போன் காலுக்குப் பெரும்பாலும் மணி அடிக்கும், எடுத்துப் பேசலாம். வெளியே கூப்பிடுவதில்தான் சிக்கல். சுழற்றும் போன் லைனைத் திரும்பத் திரும்பக் கண நேரம் வெட்டி எண்ணைச் சொல்கிறது. 5 சுழற்றினால் ஐந்து வெட்டு, 0 சுழற்றினால் பத்து. பழைய எக்ஸ்சேஞ்ச் அந்த வெட்டுகளை எண்ணியது. ஃபைபர் பெட்டிகளில் பல, பொத்தான் போனின் டோனை மட்டுமே புரிந்துகொள்ளும். வெட்டை டோனாக மாற்றித் தரும் சின்னக் கருவி கிடைக்கிறது, நடுவில் வைத்தால் போதும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த ரிசீவரின் கனமும் அந்த மணியின் நாதமும் இனி யாரும் செய்து தரப் போவதில்லை.

பி.டி.எம். லேஅவுட்: வேறு கம்பெனிக்கு நம்பரை மாற்றலாமா?

முடியாது. அல்சூர் பதிலைப் பாருங்கள்.

ஜெயநகர்: லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்குப் போகவே மாட்டேன் என்கிறது.

முன்னால் 0 போடுங்கள். 2021 ஜனவரி 15 முதல் அப்படித்தான்.

பெல்லந்தூர்: எங்கள் அபார்ட்மென்டில் ஜெனரேட்டர் இருக்கிறது. நீங்கள் எல்லாரையும் கரண்ட் என்று பயமுறுத்துகிறீர்கள்.

தம்பி, ஜெனரேட்டர் பிடிக்கச் சில நொடி ஆகும். அதற்குள் பெட்டி அணைந்துவிடும். மறுபடி எழுந்து, வெளிச்சம் பிடித்து, போன் சேவையில் பதிவாகிச் சில நிமிஷம் கழித்துத்தான் டயல் டோன். மாரடைப்பு வந்த வீட்டில் அந்தச் சில நிமிஷம் பெரிசு. பெட்டிக்கென்றே ஒரு சின்ன யு.பி.எஸ். வாங்குங்கள். அடாப்டரில் 12 வோல்ட் என்று இருந்தால் யு.பி.எஸ்ஸும் 12 வோல்ட்டாக இருக்கட்டும். 10 வாட் இழுக்கும் பெட்டிக்கு 30 வாட்-மணி பேட்டரி ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் தாங்கும்.

பெல்லந்தூர் (மறுபடியும்): வாங்கிப் பார்த்துவிட்டேன் சார். கரண்ட் போனால் பெட்டியில் விளக்கு எரிகிறது, டயல் டோன் இல்லை. யு.பி.எஸ். சும்மா!

இல்லை. உங்கள் வீட்டுக்குள் வருவது கண்ணாடி இழையா, தடித்த லேன் ஒயரா? அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

பெல்லந்தூர்: லேன் ஒயர்தான். அதனால் என்ன?

அதில்தான் எல்லாம் இருக்கிறது. உண்மையான ஃபைபரில் எக்ஸ்சேஞ்சுக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவே இழையைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே வேண்டாம். அது வெறும் கண்ணாடி. அந்த முனையில் பேட்டரி, இந்த முனையில் உங்கள் யு.பி.எஸ்., அவ்வளவுதான். உங்கள் கட்டடத்தில் ஃபைபர் அடித்தளம் வரைதான் வந்திருக்கிறது. அங்கே இணையத்தைப் பிரித்துத் தரும் ஒரு ஸ்விட்ச் பெட்டியிலிருந்து வீடுகளுக்கு லேன் ஒயர் போகிறது. அந்த ஸ்விட்ச் அணைந்தால் எல்லா வீடும் அணையும். நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது, வீட்டுக்குள் யு.பி.எஸ். வைத்தால் மட்டும் போதாது. அசோசியேஷனிடம் சொல்லி அடித்தள ஸ்விட்சுக்கும் பேட்டரி வைக்கச் சொல்லுங்கள், அல்லது வீடு வரை இழை கேளுங்கள். மற்றவர்களும் இன்றே உங்கள் சுவரில் எது வருகிறது என்று பாருங்கள்.

மல்லேஸ்வரம்: அமெரிக்காவிலிருந்து மகன் இணையப் போன் பெட்டி அனுப்பியிருக்கிறான், அங்கத்திய நம்பரோடு. இங்கே வைக்கலாமா?

மகனோடு பேச வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இங்கத்திய லைனையோ சிம்மையோ அதோடு கோத்து வெளிநாட்டுக் கால்களை உள்ளே திருப்பிவிடாதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் எக்ஸ்சேஞ்ச் நடத்திய குற்றமாகும். இன்னொரு விஷயம்: அந்தப் போனில் ஆபத்துக்கு 911 அழுத்தினால், அங்கே பதிந்த விலாசத்துக்குத்தான் ஆள் போவார்கள். நமக்கு 112, அதற்கு இங்கத்திய நம்பர் வேண்டும்.

இந்திரா நகர்: பேச்சு ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது.

சொந்த ரவுட்டரா? அதன் செட்டிங்கில் ‘சிப் ஏ.எல்.ஜி.’ (SIP ALG) என்று, இணையப் பேச்சில் குறுக்கிடும் ஒரு வசதி இருக்கும், அதை அணையுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

வசந்த் நகர்: நல்ல குரலுக்கு எத்தனை எம்.பி.பி.எஸ். பிளான் எடுக்க வேண்டும்? எது மலிவு?

ஒரு போன் காலுக்கு 100 கே.பி.பி.எஸ்ஸே (ஒரு எம்.பி.பி.எஸ்ஸில் பத்தில் ஒரு பங்கு) தாராளம். விலையைக் கம்பெனிக்காரர்களிடம் கேளுங்கள்.

கம்மனஹள்ளி: வேறு கம்பெனிக்கு நம்பரை...

முடியாது. மூன்றாவது தடவை இது. மேலே படியுங்கள்.

விவேக் நகர்: அம்மா தனியாக இருக்கிறார், காது கொஞ்சம் மந்தம். செல்போன் வராது. ஃபைபர் லைனை நம்பலாமா?

சோதித்துப் பார்த்து நம்புங்கள். இழை வீடு வரை வருகிறதா, பழைய காப்பர் கழற்றியாகிவிட்டதா, யு.பி.எஸ். இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு ஒரு நாள் மாலை நீங்கள் அங்கே இருக்கும்போது மெயின் சுவிட்சை அணைத்து, ஒரு மணி நேரம் கழித்து உங்கள் செல்லிலிருந்து வீட்டு நம்பரைக் கூப்பிடுங்கள். அம்மாவின் போன் கார்ட்லெஸ் என்றால் மாற்றிவிடுங்கள், அதன் அடிப்பகுதிக்கும் தனிக் கரண்ட் வேண்டும். ஒயர் வைத்த, மணி சத்தமான போனாக வாங்கி, கட்டிலுக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.