மாண்டோ ஊசி போட்ட கை சிவந்தால் டி.பி. என்று அர்த்தமா?

கேள்வி: என் மாமனாருக்குப் போன மாதம் காசநோய் என்று தெரிந்தது. அதனால் என் 8 வயது மகனுக்கும் தொற்று இருக்கிறதா என்று முன்கையில் மாண்டோ ஊசி போட்டுப் பார்த்தார்கள். மறுநாளே அந்த இடம் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவந்துவிட்டது, ஓயாமல் சொறிகிறான். மஞ்சள் பற்றுப் போடலாமா? அவனுக்கும் வந்துவிட்டதா?

பதில்: மஞ்சள் வேண்டாம் அம்மா. தேங்காய் எண்ணெய், தைலம் எதுவும் வேண்டாம். அரிப்பு தாங்கவில்லை என்றால் குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியை வையுங்கள். நகத்தை வெட்டிவிடுங்கள். குளிக்கலாம், தேய்க்கத்தான் கூடாது.

மறுநாள் சிவப்பை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. ஊசியில் போனது 0.1 மி.லி. டியூபர்குலின். அது காசநோய்க் கிருமியிலிருந்து பிரித்தெடுத்த புரதம்தான், உயிருள்ள கிருமி அதில் இல்லை. ஊசியால் நோய் வராது. உடல் அந்தக் கிருமியை முன்பே சந்தித்திருந்தால், அதை நினைவில் வைத்திருக்கும் வெள்ளை அணுக்கள் மெதுவாக அங்கே வந்து கூடும். அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். 48 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் கையைக் காட்டச் சொல்வது அதனால்தான். அந்த நாளைத் தவறவிடாதீர்கள்.

அன்றும் சிவப்பை அளக்க மாட்டார்கள். விரல் நுனியால் தடவி, தோலுக்குள் கெட்டியாக இருக்கும் தடிப்பின் ஓரங்களைக் கண்டுபிடித்து, கையின் குறுக்காக அளப்பார்கள். சிவப்பு எவ்வளவு பரந்திருந்தாலும் தடிப்பு இல்லையென்றால் அளவு பூஜ்யம். நம் நாட்டில் 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் பாசிட்டிவ் என்பது பொது வழக்கம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 5 மி.மீ. போதும். வீட்டிலேயே நோயாளி இருப்பதால் உங்கள் மகனின் சிறு தடிப்பையும் மருத்துவர் அலட்சியம் செய்ய மாட்டார். பிறந்ததும் காசநோய்க்கு எதிராகப் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசியால்கூடச் சிறிது தடிப்பு வரலாம். ஆனால் எட்டு வயதில் பெரிய தடிப்பு வந்தால் 'அது பி.சி.ஜி.தான்' என்று விட்டுவிடுவது தவறு.

பாசிட்டிவ் வந்தாலும் நோய் என்று பொருளில்லை. கிருமி உள்ளே போயிருக்கிறது, அவ்வளவுதான். கிருமி புகுந்தவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுதும் நோயே வருவதில்லை. இருமல், காய்ச்சல், எடை ஏறாமை உண்டா என்று கேட்டு, மார்பு எக்ஸ்ரே எடுத்து நோய் இல்லை என்று உறுதி செய்த பிறகு, தடுப்பு மாத்திரை தருவார்கள். பையன் நன்றாகத்தானே இருக்கிறான் என்று அதைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். நெகட்டிவ் வந்தாலும் முழு நிம்மதி கிடையாது. தொற்று ஏற்பட்டுச் சில வாரங்கள் கழித்துத்தான் தோல் காட்டிக்கொடுக்கும். சத்துக்குறைவு, அண்மையில் வந்த தட்டம்மை போன்றவையும் தடிப்பை மறைத்துவிடும்.

சிலருக்கு அந்த இடத்தில் நீர்க்கொப்புளம் கிளம்பும், அரிதாகப் புண்ணாகும். கொப்புளத்தை உடைக்காமல் காட்டுங்கள், அதுவும் வலுவான பாசிட்டிவ்தான். இப்படி வந்தவர்களுக்கு இந்த ஊசியை மறுபடி போடக் கூடாது. சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஊசி போட்டதும் மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்தால் மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கையைக் காட்டப் போகும்போது தாத்தாவின் சிகிச்சைச் சீட்டையும் எடுத்துப் போங்கள். அவருக்குப் பிடித்திருப்பது மருந்துக்கு அடங்காத வகையா என்று பார்த்துத்தான் பேரனுக்கு எந்த மாத்திரை என்று முடிவு செய்வார்கள்.