விறகு அடுப்பு பூட்ட முதல் அளக்க வேண்டியவை

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே: கனடாவில் பீட்டர்பரோவுக்கு வெளியே வாங்கியிருக்கிற பழைய வீட்டின் ஹோலில் விறகு அடுப்பு ஒன்று பூட்டப் போகிறீர்கள். அடுப்புக்குக் கீழே என்ன போடுவது, அறையில் எந்தப் பக்கம் வைப்பது, சுவருக்கு டைல்ஸ் ஒட்டிவிட்டால் அடுப்பைக் கிட்டத் தள்ளலாமா?

டைல்ஸ் கடைக்குப் போக முதல் அடுப்பைத் தெரிவு செய்து, அதன் கையேட்டைக் கையில் எடுங்கள். அடுப்புக்குக் கீழே போடுகிற எரியாத தளத்தின் (கீழ்த்தளம்) அளவு, தடிப்பு, சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது எல்லாம் அடுப்புக்கு அடுப்பு மாறும். பின்பக்கத்தில் அறைந்திருக்கிற சான்றிதழ்த் தகட்டிலும் இந்த இடைவெளிகள் பொறித்திருக்கும். தகடே இல்லாத பழைய அடுப்பை யாராவது சும்மா தந்தாலும் வாங்காதீர்கள். கனடாவின் நிறுவல் விதியான சிஎஸ்ஏ பி365 அப்படியான அடுப்புக்குப் பொதுவாக 48 அங்குலம் வெளி கேட்கும். உங்கள் ஹோலில் அது நட்ட நடுவில் வந்து நிற்கும். இன்சூரன்ஸ்காரரும் பெரும்பாலும் முகத்தைச் சுளிப்பார்கள்.

அடுப்பின் இடத்தைப் புகைபோக்கிதான் தீர்மானிக்கும். வீட்டுக்குள்ளாலேயே நேராக மேலே போய், கூரையின் முகட்டுக்குக் கிட்ட வெளிவருகிற புகைபோக்கி சூடாக இருக்கும், நன்றாக இழுக்கும். வெளிச்சுவரோடு ஏறுகிற புகைபோக்கி ஜனவரியில் குளிர்ந்து கிடக்கும். பற்றவைக்கிற நேரம் புகை அறைக்குள் திரும்பும், கரிப்பிசினும் (புகையிலிருந்து படிகிற, தீப்பிடிக்கக்கூடிய பிசின்) கூடப் படியும். கூரைக்கு மேலே உயரம் எவ்வளவு என்றால், கூரையைத் துளைக்கிற இடத்திலிருந்து குறைந்தது 3 அடி; அதோடு, கிடையாக 10 அடிக்குள் இருக்கிற எதைவிடவும் 2 அடி உயரம்.

புகைபோக்கியைச் சுற்றி மரத்துக்கு 2 அங்குலம் வெளி விட வேண்டும். உள்விட்டம் 6 அங்குலமான புகைபோக்கியின் வெளிவிட்டம் தயாரிப்பைப் பொறுத்து 8 முதல் 10 அங்குலம் வரும். அப்படியென்றால் 12 முதல் 14 அங்குலச் சதுரத் துளை. 16 அங்குலத்துக்கு ஒன்றாகப் போட்ட மரச் சட்டங்களுக்கு நடுவே 14½ அங்குலம்தான் இருக்கும். அதனால் முதலில் மேல்தட்டில் சட்டம் எங்கே ஓடுகிறது என்று பார்த்து, இரண்டு சட்டத்துக்கு நடு மையத்தில் ஒரு குறி போட்டு, அங்கிருந்து தூக்குக்குண்டை நிலத்துக்கு இறக்குங்கள். குண்டு தொடுகிற இடம்தான் அடுப்பின் புகைவாய்க்கு மையம். அடுப்பை நாலு அங்குலம் நகர்த்துவது சுலபம். கூரையைத் தாங்குகிற மரச் சட்டகத்தை, அதாவது டிரஸை, வெட்டவே கூடாது.

பலர் கோட்டைவிடுகிற இடம் ஒன்று இருக்கிறது. அடுப்புக்குப் பின்னால் 7 அங்குலம் போதும் என்று கையேடு சொல்லியிருக்கும். ஆனால் அடுப்பிலிருந்து ஏறுகிற குழாய் ஒற்றைத் தகடு என்றால், அந்தக் குழாய்க்கே எரியக்கூடிய சுவரிலிருந்து 18 அங்குலம் வேண்டும். குழாய் அடுப்பையும் சேர்த்து முன்னுக்குத் தள்ளிவிடும். இரட்டைத் தகட்டுக் குழாய்க்குப் பொதுவாக 6 அங்குலம் போதும். விலை கூடத்தான், ஆனால் சின்ன ஹோலில் ஒரு அடி வரை இடம் மிச்சம். நான் என்றால் யோசிக்காமல் இரட்டைத் தகடுதான் வாங்கச் சொல்லுவேன்.

இனிக் கீழ்த்தளம். கனடாவில் விறகு போடுகிற கதவுக்கு முன்னால் 18 அங்குலம், மற்றப் பக்கங்களில் 8 அங்குலம். யூடியூபில் பார்க்கிற அமெரிக்க வீடியோக்களில் முன்பக்கம் 16 என்று சொல்வார்கள், அதை நம்பி டைல்ஸ் வெட்டாதீர்கள். அடுப்பு 24 அங்குல அகலம், 26 அங்குல ஆழம் என்று வைத்தால், தளம் குறைந்தது 40க்கு 52. பக்கத்திலும் ஒரு கதவு இருக்கிற அடுப்பு என்றால் அந்தப் பக்கமும் 18. பின்னால் எப்படியும் இடைவெளி விடுவீர்கள்தானே, தளத்தைச் சுவர் வரைக்கும் கொண்டுபோய் முடித்தால் பார்வைக்கும் வடிவு, கூட்டவும் சுகம்.

தடிப்பு வேறு கதை. சில அடுப்புகளுக்குத் தணல் விழுந்தால் தாங்குகிற மேற்பரப்பு போதும். சிமெந்துப் பலகைக்கு மேலே டைல்ஸ், அவ்வளவுதான். வேறு சில அடுப்புகள் கீழ்நோக்கியும் வெக்கையை அடிக்கும். பல மாதங்கள் தொடர்ந்து சூடு பட்ட மரம் காய்ந்து, வழக்கத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே பற்றக்கூடியதாக மாறும். அதுவும் டைல்ஸுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல். இப்படியான அடுப்புகளுக்குக் கையேட்டில் ஆர் பெறுமானம் ஒன்று போட்டிருப்பார்கள்; தளம் சூட்டை எவ்வளவு தடுக்க வேண்டும் என்கிற எண் அது.

ஒவ்வொரு அடுக்கின் ஆர் பெறுமானத்தையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கையேடு 1.5 கேட்கிறது என்று வைப்போம். அரை அங்குல மினரல் ஃபைபர் பலகை சுமார் 1.0 தரும். அதன்மேல், விபரத் தாளில் 0.26 என்று போட்ட அரை அங்குலச் சிமெந்துப் பலகை இரண்டு, 0.52. மொத்தம் 1.52, மட்டுமட்டாகச் சரி. டைல்ஸ் இதில் கணக்கே இல்லை. சிமெந்துப் பலகையிலும் தயாரிப்புக்குத் தயாரிப்பு எண் மாறுவதால், நீங்கள் வாங்குகிற பலகையின் விபரத் தாளைப் பார்த்துத்தான் கூட்ட வேண்டும். கையேடு ஆர் தராமல் கே பெறுமானம் (சூட்டை எவ்வளவு கடத்தும் என்கிற எண்) தந்தால், அங்குலத்தில் தடிப்பைக் கேயால் வகுங்கள்: 1 அங்குலம், கே 0.84 என்றால் ஆர் 1.19. சில தாள்களில் மெட்ரிக் அலகான ஆர்எஸ்ஐ இருக்கும், அதை 5.68ஆல் பெருக்கினால் ஆர் வரும். இரண்டையும் கலந்து கூட்டினால் ஒன்றுக்கும் உதவாத தளம்தான் மிஞ்சும்.

போடுகிற முறை: காப்பெட்டைத் தளத்தின் அளவுக்கு வெட்டி எடுத்துவிடுங்கள். மெத்தென்ற காப்பெட்டுக்கு மேலே வைத்த தளம் அசையும், டைல்ஸ் இணைப்பு வெடிக்கும். நிலப் பலகைக்கு மேலே மினரல் ஃபைபர், அதற்கு மேலே சிமெந்துப் பலகைகள். இரண்டாவது பலகையின் மூட்டு முதலாவதின் மூட்டுக்கு நேரே வராமல் மாற்றிப் போடுங்கள், தணல் இறங்க வழி இராது. மினரல் ஃபைபர் மென்மையானது. சிமெந்துப் பலகை இல்லாமல் நேரே டைல்ஸ் ஒட்டினால் அடுப்பின் நான்கு கால்களும் அழுத்துகிற இடத்தில் டைல்ஸ் வெடிக்கும். ஒட்டுவதற்குத் தண்ணீரில் குழைக்கிற சிமெந்துக் கலவையான தின்செட். வாளியில் தயாராக வருகிற பசை சூட்டில் இளகிவிடும். ஓரத்துக்கு மரச்சட்டம் ஆசை என்றால், 18க்கும் 8க்கும் வெளியே மட்டும்.

தளத்தை 4, 5 அங்குலம் உயர்த்துவது குனிந்து விறகு போடுகிற முதுகுக்கு நல்லது. தவழுகிற பிள்ளையோ நடை தளர்ந்த அம்மாவோ வீட்டில் இருந்தால் நிலத்தோடு சமமாக முடியுங்கள். இரும்பு அடுப்பு ஒன்று 400, 500 இறாத்தல் வரும். நிலச் சட்டங்களுக்குக் குறுக்காக, பாரம் தாங்குகிற சுவருக்குக் கிட்ட வைத்தால் பெரும்பாலும் தாங்கும்; செங்கல்லால் தளம் கட்டுகிற எண்ணம் இருந்தால் பேஸ்மென்டில் தூண் கொடுப்பது பற்றிக் கேளுங்கள்.

சுவருக்கு டைல்ஸ் என்றால், ட்ரைவாலில் (ஜிப்சம் பலகைச் சுவரில்) நேரே ஒட்டிய டைல்ஸ் இடைவெளியை ஒரு அங்குலம்கூடக் குறைக்காது. சூடு டைல்ஸுக்குள்ளால் கடத்தப்பட்டுப் பின்னால் இருக்கிற மரத்துக்குப் போய்விடும். குறைக்க வேண்டுமானால் சுவருக்கு முன்னால் ஒரு காப்புத் தகடு பூட்டி, இரண்டுக்கும் நடுவே ஒரு அங்குலம் காற்று ஓட விட வேண்டும். அப்படிப் பூட்டிய உலோகத் தகடு இடைவெளியை 67 சதவீதம் வரை குறைக்கும், அதாவது 36 அங்குலம் 12 ஆகும். அதே முறையில் எரியாத பலகையில் ஒட்டிய டைல்ஸ் 50 சதவீதம். கீழே 1 முதல் 3 அங்குலம், மேலே சீலிங்குக்கு 3 அங்குலம் திறந்திருக்க வேண்டும். தகடு அடுப்பின் மேற்பரப்பைவிட 20 அங்குலம் உயரமாகவும், இரு பக்கமும் 18 அங்குலம் கூடுதலாகவும் நீள வேண்டும். சுவரில் இறங்குகிற ஆணிகள் தகட்டின் இரு ஓரங்களில் மட்டும். அளப்பது அடுப்பிலிருந்து பின்னால் உள்ள சுவர் வரை, தகடு வரை இல்லை. சில கையேடுகள் இப்படிக் குறைப்பதையே அனுமதிக்காது. அங்கே கையேடு சொல்வதுதான் கடைசிச் சொல்.

அறை ஒழுங்கில், செட்டி, திரைச்சீலை, உடுப்புக் காயப்போடுகிற ஸ்டாண்ட் எல்லாம் அடுப்பின் முகப்பிலிருந்து 48 அங்குலம் தள்ளி. தளத்தில் அழகுக்கு அடுக்குகிற விறகும் எரியக்கூடிய பொருள்தான். ஃபர்னஸின் தெர்மோஸ்டாட் அடுப்பு இருக்கிற ஹோலிலேயே இருந்தால், ஹோல் சூடு என்று ஃபர்னஸ் படுத்துவிடும், தூர அறைகளில் தண்ணீர்க் குழாய் உறையக்கூடும். தெர்மோஸ்டாட்டை நடைவழிக்கு மாற்றுங்கள். படுக்கையறைக்குச் சூடு போகவில்லை என்றால் சூட்டை அங்கே தள்ளப் பார்க்காதீர்கள். சின்ன மின்விசிறியை நடைவழி நிலத்தில் வைத்து, குளிர்காற்றை அடுப்புப் பக்கம் ஊதவிடுங்கள். கதவு நிலையின் மேல்பக்கத்தால் சூடு தானாகத் திரும்பி வரும்.

குசினியையும் கணக்கில் எடுங்கள். எங்கட சமையலுக்கு என்று பூட்டுகிற பெரிய புகை இழுப்பான், இறுக்கி அடைத்த வீட்டில் புகைபோக்கியோடு போட்டிக்கு நின்று, அடுப்புப் புகையை ஹோலுக்குள் இழுத்துவிடும். மீன் பொரிக்கிற நேரம் குசினி யன்னலை ஒரு விரற்கடை திறந்து வையுங்கள். அடுப்பு பேஸ்மென்டில் என்றால் இந்தத் தொல்லை இரட்டிப்பு. காபன் மொனொக்சைட் அலாரம் படுக்கையறைகளுக்கு வெளியே கட்டாயம். ஒவ்வொரு தட்டிலும் ஒன்று பூட்டுங்கள்.

வேலை தொடங்க முதல் நகராட்சிக் கட்டட அனுமதி எடுங்கள். முடிந்ததும் விறகு அடுப்பு வேலைக்கான வெட் (WETT) சான்றிதழ் உள்ள பரிசோதகரின் அறிக்கையை இன்சூரன்ஸ் கேட்கும். பரிசோதகருக்கு டைல்ஸ்தான் தெரியும், கீழே என்ன கிடக்கிறது என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு அடுக்கையும் மூட முதல் அளவுநாடாவைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, பலகைகளின் விபரத் தாள்களோடு சேர்த்து வையுங்கள்.