அவன் கையில் வை

அன்புள்ள அக்கா,

குடியாத்தம் பக்கத்தில் ஓர் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். மொத்தம் 19 பிள்ளைகள். அதில் ஒரு பையனுக்கு 4 வயதாகியும் பேச்சு வரவில்லை. தட்டு அடுக்கும் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறான். பாட்டு நேரத்தில் மற்ற பிள்ளைகளோடு உட்காருவதில்லை. மூலையில் ஒரு பொம்மைக் காரோடு விட்டுவிட்டால், அதன் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு மதியம் வரை அமைதியாக இருக்கிறான். "தனிப் பள்ளிக்கு அனுப்புங்கள், எங்கள் பிள்ளைகளின் படிப்பு கெடுகிறது" என்று இரண்டு தாய்மார் சண்டைக்கு வருகிறார்கள். வீட்டில் பீடி சுற்றும் அவன் அம்மா வந்து அழுகிறார். அவனை வைத்துக்கொள்வது மற்ற பிள்ளைகளுக்கு நான் செய்யும் அநியாயமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

அநியாயம் இல்லை. வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு உறுத்துவது அந்த மூலைதான். என் தம்பி அப்படி ஒரு மூலையில் ஒரு வருடம் உட்கார்ந்திருந்தான்.

வேலூர், ஆற்காடு, திருப்பத்தூர் எல்லாம் ஒரே வட ஆற்காடு மாவட்டமாக இருந்த காலம். தம்பிக்கு மூளை முடக்குவாதம். வலக்கை எப்போதும் இறுக மூடியே இருக்கும். பால்வாடி டீச்சர் நல்லவர், அவனைத் திருப்பி அனுப்பவில்லை. சுவரோரம் கோணிப்பை விரித்துச் சாய்த்து உட்கார வைத்து, முதல் ஆளாக அவனுக்குத்தான் ஊட்டுவார். ஆனால் அந்த ஒரு வருடத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு அவனிடம் போக ஒரு காரணமும் இருக்கவில்லை.

அடுத்த வருடம் புதிதாக ஓர் ஆயா வந்தார். சாலையோரப் புளியமரத்தடியில் பொறுக்கிய கொட்டைகளை ஒரு கூடையில் போட்டு வாசலில் வைத்தார். உள்ளே வரும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கொட்டையைக் கொண்டுபோய்த் தம்பியிடம் தர வேண்டும். அவன் அதைத் தன் மடியிலிருக்கும் பால்பவுடர் டப்பாவில் போட வேண்டும். அதுதான் வருகைப் பதிவு. பிள்ளைகள் அவசரத்தில் தாங்களே டப்பாவில் எறிந்துவிட்டு ஓடப் பார்க்கும். ஆயா விடமாட்டார். "டப்பாவில் போடாதே, அவன் கையில் வை" என்பார். கை திறக்கும்வரை அந்தப் பிள்ளை நிற்க வேண்டும். முதலில் சுண்டுவிரல் அசையும், பிறகு ஒவ்வொன்றாக மற்ற விரல்கள், கடைசியில் உள்ளே மடங்கிய கட்டைவிரல். நிற்கும் நேரத்தில் பிள்ளைகள் அவனிடம் ஏதாவது பேசிக்கொண்டிருப்பார்கள். அம்மா எண்ணெய் போட்டு நீவிக் கெஞ்சினாலும் திறக்காத கை, தினமும் இருபது முறைக்குமேல் திறந்து மூடியது. பிறகு கொட்டைகளைத் தரையில் கொட்டி எல்லோரும் எண்ணுவார்கள். மற்றப் பிள்ளைகள் எண்ணக் கற்றதும் அந்தக் கொட்டைகளில்தான். படிப்பு கெடுகிறது என்று சொல்லும் தாய்மாருக்கு இதைச் சொல்லுங்கள்.

வேலூர்க்காரர்களுக்கு டாக்டர் மேரி வர்கீஸைத் தெரிந்திருக்கும். 1954-இல் நடந்த விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும், சக்கர நாற்காலியில் இருந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தவர். கை அறுவையை உட்கார்ந்தே செய்யலாமே என்று யோசித்தவர்கள் அவரைச் சுற்றி இருந்தார்கள். உங்கள் பையனுக்காகவும் அப்படி ஒருவர் யோசிக்க வேண்டும். அது நீங்கள்தான்.

நான்கு படங்கள் வரையுங்கள்: பாய், பாட்டு, தட்டு, வீடு. பழைய காலண்டரின் பின்பக்கம் போதும். அவன் உயரத்தில் சுவரில் ஒட்டி, துணி உலர்த்தும் கிளிப் ஒன்றை மாட்டுங்கள். ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்கும்போது கிளிப்பை நகர்த்துவது அவன் பொறுப்பு. கிளிப் தட்டுப் படத்துக்கு வந்த பிறகுதான் தட்டை எடுக்க வேண்டும். சத்தம் எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பயம் குறையும். தட்டுகளுக்கு அடியில் ஒரு பழைய துணியும் விரித்துவையுங்கள்.

காரைப் பிடுங்க வேண்டாம். உங்கள் கையில் வைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பாருங்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணிப் பொறுத்திருங்கள். ஒரு பார்வை, ஒரு முனகல், நீட்டிய கை, எது வந்தாலும் "கார்" என்று சொல்லி உடனே கொடுத்துவிடுங்கள். அவனுக்கென்று தனியாக அரைமணி நேரப் பாடம் நடத்துவதைவிட, நாள் முழுக்க இப்படிப் பத்து முறை செய்வது நல்லது. பிறகு அவன் உருட்டும் காரை எதிரே உட்கார்ந்து பிடிக்க ஒரு குழந்தையைச் சேர்த்துவிடுங்கள். பெரியவர் யாரும் எந்நேரமும் அவன் பக்கத்திலேயே ஒட்டியிருக்க வேண்டாம். பெரியவர் இருந்தால் மற்றப் பிள்ளைகள் விலகிப் போய்விடும்.

அவனுக்கு என்ன குறை என்று நான் ஊகிக்க மாட்டேன். முதலில் காதைப் பரிசோதிக்க வேண்டும். பொத்திக்கொள்கிறான், அதனால் காது கேட்கிறது என்று விட்டுவிடாதீர்கள். சில ஒலிகள் கேட்டும் பேச்சு தெளிவாகக் கேட்காத பிள்ளைகள் உண்டு. பிள்ளைகளைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யின் மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். வரும்போது அவனைக் காட்டிப் பரிந்துரைச் சீட்டு வாங்கிவிடுங்கள். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் நம்பிக்கை நிலையத்தில் பெற்றோருக்கும் சேர்த்தே பயிற்சி தருகிறார்கள். அதையும் அவன் அம்மாவிடம் சொல்லுங்கள். ஆனால் நோயின் பெயர் தெரியும்வரை கிளிப்பும் காரும் காத்திருக்க வேண்டியதில்லை.

தனிப் பயிற்சி தேவைப்பட்டால் அதையும் பெறட்டும், அதற்காக உங்கள் மையத்தை விட்டுப் போக வேண்டாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இலவசக் கல்வி உரிமையை 6 வயதிலிருந்து 18 வரைதான் சொல்கிறது. அதற்கு முந்தைய வயதில் ஏழைப் பிள்ளைக்குப் பெரும்பாலும் அங்கன்வாடியை விட்டால் வேறு இடமில்லை. மாற்றுத்திறன் குழந்தைகளை அங்கன்வாடியில் சேர்த்துக்கொள்வதற்கென்றே 2023 நவம்பரில் மத்திய அரசு ஒரு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. யாராவது அவனை அனுப்பிவிடச் சொன்னால் அதை எடுத்துக் காட்டுங்கள்.

இந்தக் கடிதத்தை உங்கள் உதவியாளருக்கும் படித்துக் காட்டுங்கள். காலையில் வாசலில் அவன் முதலில் பார்ப்பது அவர் முகமாகத்தான் இருக்கும்.

அன்புடன்,
அக்கா